வேர்ட்பிரஸ் குட்டன்பெர்க்: தொழில்நுட்பம் அறியாதவருக்காக ஒரு தளம் கட்டும் கருவி – நிகழ்வு ஆய்வு

கடைக்கோ சங்கத்துக்கோ ஊர்ப் படிப்பகத்துக்கோ ஓர் இணையதளம் வேண்டும் என்று நினைப்பவர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவிகளுக்குக் குறைவில்லை. 2003இல் ஸ்குவேர்ஸ்பேஸ் நிறுவப்பட்டது. 2006இல் விக்ஸ் தொடங்கியது. அதே காலத்தில் வீப்லியும் வந்தது. ஆனால் அந்நிறுவனங்களில் எந்தப் பொத்தானை ஏன் எங்கே வைத்தார்கள், எதை யோசித்துக் கைவிட்டார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில், பக்கங்களை எழுதித் திருத்தும் திரையான குட்டன்பெர்க் எடிட்டர் அப்படியல்ல. அதன் நிரலும் வரைவும் சண்டைகளும் பிழைப் புகார்களும் தொடக்கம் முதல் பொதுவெளியில் கிடக்கின்றன. யாரும் எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் இந்த ஆய்வுக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மற்ற கருவிகள் வெற்று நிலத்தில் வீடு கட்டின. குட்டன்பெர்க், ஆட்கள் குடியிருந்துகொண்டிருந்த வீட்டின் சமையலறையைப் பெயர்த்துப் புதிதாகக் கட்டியது. அது வெளியானபோது உலக இணையதளங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேர்ட்பிரஸில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவினர் அடிப்படை அலகைச் சரியாகப் பிடித்தார்கள். ஆனால் ‘எளிய பயனர்’ என்றதும் புதிதாக வருகிறவரை மட்டுமே மனத்தில் வைத்தார்கள் என்பதே என் கருத்து. தொழில்நுட்பம் தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் ஒரு திரையைக் கையாண்டு பழகியவரும் எளிய பயனர்தான். அவருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய ஆண்டுகள் பிடித்தன.

முன்பு இருந்த நிலை

வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு 2003 மே 27 அன்று, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரின் முயற்சியில் வெளியானது. 2005 இறுதியில் வந்த 2.0 பதிப்பில் டைனிஎம்சிஇ என்ற காட்சி எடிட்டர் சேர்ந்தது. மேலே ஒரு வரிசைப் பொத்தான்கள், கீழே ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. கணினியில் கடிதம் தட்டச்சு செய்தவர் எவரும் அதைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்வார். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, இணைப்பு, படம் ஆகியவற்றோடு அறிவிப்பு எழுதுகிறவரின் தேவை பெரும்பாலும் முடிந்துவிடும்.

தொல்லை அதற்கு அப்பால் தொடங்கியது. இரண்டு பத்திகளை அருகருகே நிறுத்த வேண்டுமென்றால் அந்தப் பெட்டிக்குள் வழியில்லை. 2008இல் 2.5 பதிப்போடு வந்த ஷார்ட்கோட் என்னும் சதுர அடைப்புக்குறி வரிகளை மனப்பாடமாக எழுத வேண்டும். அவை எழுதும்போது ஒரு தோற்றமும் வெளியிட்டபின் வேறு தோற்றமும் காட்டும். பதிவுக்குள் படம் வைக்க ஒரு முறை, பக்கவாட்டில் படம் வைக்க விட்ஜெட் என்ற வேறொரு முறை, மெனுவுக்கு மூன்றாவது முறை. ஓரிடத்தில் கற்ற பாடம் அடுத்த இடத்தில் உதவாது என்பதுதான் பழைய வேர்ட்பிரஸின் உண்மையான சிக்கல்.

இந்த இடைவெளியில் விஷுவல் கம்போசர், டிவி (Divi), எலிமென்டார் போன்ற பக்கம் கட்டும் செருகுநிரல்கள், அதாவது வேர்ட்பிரஸோடு கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள், வளர்ந்தன. இழுத்து விடுவது, உடனே பார்ப்பது என்ற வகையில் அவை பயனரை மகிழ்வித்தன. ஆனால் அவற்றில் சில, பக்கத்தின் உள்ளடக்கத்தையே தமக்கே உரிய ஷார்ட்கோட்களுக்குள் பொதிந்து வைத்தன. செருகுநிரலை நிறுத்தியதும் பக்கம் முழுவதும் அடைப்புக்குறிகள் இறைந்து கிடக்கும். தளத்தின் உரிமையாளர், தான் எழுதியது தன் கையில் இல்லை என்பதை அன்றுதான் அறிவார்.

பிளாக் என்ற அலகு

2016 டிசம்பரில் பிலடெல்பியாவில் நடந்த வேர்ட்கேம்ப் என்ற வேர்ட்பிரஸ் கூட்டத்தில், அடுத்த ஆண்டின் முதன்மையான பணிகளுள் ஒன்றாக எடிட்டரை முல்லன்வெக் அறிவித்தார். நிரலாக்கத்துக்கு மத்தியாஸ் வெண்டுராவும் வடிவமைப்புக்கு ஜோன் ஆஸ்முசனும் பொறுப்பேற்றனர். நகர்த்தக்கூடிய அச்செழுத்துகளால் ஐரோப்பாவில் நூல் அச்சிட்டவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2017 ஜூனில் பாரிஸ் கூட்டத்தில் அது சோதனைச் செருகுநிரலாக மக்கள் கைக்கு வந்தது.

அடிப்படை எண்ணம் மிக எளியது. ஒரு பத்தி, ஒரு தலைப்பு, ஒரு படம், ஒரு பட்டியல், ஒரு காணொளி எல்லாமே ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒரு பிளாக். சேர்ப்பது, நகர்த்துவது, நீக்குவது, அமைப்புகளை மாற்றுவது ஆகிய நான்கையும் ஒரு பிளாக்கில் கற்றால் எல்லாவற்றிலும் கற்றதாகும். முன்பு ஷார்ட்கோடாகவும் விட்ஜெட்டாகவும் மெனுவாகவும் சிதறிக் கிடந்தவற்றை ஒரே கருத்தின் கீழ் கொண்டுவரும் துணிவு இதில் இருந்தது. வடிவமைப்பு என்ற அளவில் இதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

வெளியே தெரியாத இன்னொரு முடிவு அதைவிடச் சிறந்தது. பிளாக் பற்றிய தகவலைத் தனித் தரவுத்தளத்திலோ புரியாத குறியீட்டிலோ வைக்காமல், வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான வழக்கமான எச்டிஎம்எல் உரைக்கு நடுவே, உலாவி காட்டாமல் விட்டுவிடும் குறிப்புரை வரிகளாக எழுதிவைத்தார்கள். பத்தி தொடங்குமிடத்தில் ‘இங்கே பத்தி தொடங்குகிறது’ என்று ஒரு குறிப்பு, முடியுமிடத்தில் ‘முடிகிறது’ என்று ஒரு குறிப்பு. நடுவில் இருப்பது சாதாரணப் பத்தி. எடிட்டர் நாளை இல்லாமல் போனாலும் பத்தியும் தலைப்பும் படமும் அப்படியே நிற்கும். ஷார்ட்கோட் இறைந்த பக்கங்களைக் கையால் சுத்தம் செய்து கொடுத்தவன் என்ற முறையில், இந்த ஒரு முடிவுக்காகவே அக்குழுவை நான் மதிக்கிறேன். தொழில்நுட்பம் அறியாதவருக்குச் செய்யும் பெரிய மரியாதை, அவர் எழுதியது அவருக்கே சொந்தமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான்.

ஆனால் அந்த முறைக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. பக்கத்தைத் திறக்கும்போது, சேமித்து வைத்த எச்டிஎம்எல்லும் அந்த பிளாக் இப்போது உருவாக்கக்கூடிய எச்டிஎம்எல்லும் பொருந்துகின்றனவா என்று எடிட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். செருகுநிரலைப் புதுப்பிக்கும்போது அதன் ஆக்குநர் சிறு மாற்றம் செய்திருந்தாலும் இரண்டும் பொருந்தாமல் போகலாம். அப்போது, இந்த பிளாக்கில் எதிர்பாராத அல்லது செல்லாத உள்ளடக்கம் இருக்கிறது என்ற செய்தி திரையில் தோன்றும். உள்ளே நடப்பது தெரிந்தவருக்கு அது துல்லியமான செய்தி. படிப்பகத்தின் ஆண்டு விழா அறிவிப்பைத் திருத்த வந்தவருக்கோ, தான் எழுதியது செல்லாது என்று யாரோ தீர்ப்புச் சொன்னதுபோல இருக்கும். பிழை அவருடையதல்ல, எழுத்து பத்திரமாக இருக்கிறது, இந்தப் பொத்தானை அழுத்தினால் சரியாகும் என்ற மூன்றையும் முதலில் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

அருகில் இருந்து பார்த்தது

2019இல் ஒரு சிற்றூர்ப் படிப்பகத்தின் செயலாளரோடு அமர்ந்து புதிய எடிட்டரை அவருக்குப் பழக்கிக் கொடுத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். நிரல் என்ற சொல்லே அவருக்கு அந்நியம். ஆனால் ஆறு ஆண்டுகளாக மாதம் இரண்டு மூன்று அறிவிப்புகளைத் தாமே பழைய எடிட்டரில் ஏற்றி வந்தவர். எந்தப் பொத்தான் எங்கே என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

புதிய திரை திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, எழுதுற பெட்டி எங்கே?” பெட்டி இல்லை. வெள்ளைத் திரையில் மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. மேலே இருந்த பொத்தான் வரிசையும் இல்லை. பத்தியைச் சொடுக்கினால்தான் கருவிப்பட்டை எழும், தட்டச்சு செய்யத் தொடங்கினால் மறையும். திரை தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர்கள் இதைச் செய்தார்கள். மறைந்திருப்பது இருக்கிறது என்று ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் அந்தத் தூய்மை உதவும். பட்டையை மேலேயே நிறுத்திவைக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருந்தது. அதை நான்தான் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தேன்.

“ஒரு பிளாக் சேருங்க ஐயா” என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னொரு பிளாக்கா? இருக்கிற பிளாக்கிலேயே போட முடியாதா?” என்றார். அவருக்கு பிளாக் என்றால் வலைப்பதிவு. தமிழில் block, blog என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன; பலர் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒருவரைத் தடுத்து வைப்பதும் பிளாக்தான், கறுப்பு நிறமும் பிளாக்தான். கருவியின் மையக் கருத்துக்கே இப்படி ஒரு பெயர் வாய்த்துவிட்டது. பெயர் வைத்தவர்கள் இதை அறிந்திருக்க முடியாது. அன்றுமுதல் நான் அதைக் ‘கட்டம்’ என்றே சொல்லித் தருகிறேன். இந்தக் கட்டுரையிலும் இனி அப்படியே எழுதுகிறேன். அவருக்கு உடனே புரிந்தது: படத்துக்கு ஒரு கட்டம், செய்திக்கு ஒரு கட்டம்.

அடுத்து அவர் வாட்ஸ்அப்பில் வந்திருந்த அறிவிப்பை நகலெடுத்து ஒட்டினார். ஐந்து பத்திகள் ஐந்து கட்டங்களாயின. இரண்டாம் பத்தியின் பிற்பாதியையும் மூன்றாம் பத்தியின் முற்பாதியையும் நீக்க வேண்டும். ஆறு ஆண்டுப் பழக்கத்தில் சுட்டியை அங்கிருந்து இங்கே இழுத்தார். இழுப்பு கட்டத்தின் எல்லையைத் தாண்டிய நொடியில், தேர்வு எழுத்துகளை விட்டுத் தாவி இரண்டு முழுக் கட்டங்களையும் நீல நிறத்தில் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கவனிக்காமல் நீக்கு விசையை அழுத்தினார். இரண்டு பத்திகளும் போயின. மீட்டுக் கொடுப்பது எளிது, ஒரே பொத்தான். ஆனால் அவர் முகத்தில் தெரிந்த தயக்கத்தை மீட்க அந்தப் பொத்தானால் முடியவில்லை. அதன்பின் அரை மணி நேரம் சுட்டியை அவர் மிக மெதுவாக, விளிம்பில் நடப்பவர்போல, நகர்த்தினார்.

இது சிறு குறை அல்ல. கட்டம் என்பது கணினிக்குள் இருக்கும் எல்லை. எழுதுகிறவருக்கு எழுத்து ஒரே ஓட்டம். உள்கட்டமைப்பின் எல்லை எழுதுகிறவரின் கையில் தட்டுப்படும் இடத்தில் கருவியின் எளிமை முடிந்துவிடுகிறது. கட்டங்களின் நடுவிலிருந்து நடுவரை எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2022 மே மாதம் வந்த 6.0 பதிப்பில்தான் கிடைத்தது. வெளியீட்டுக்கும் அதற்கும் இடையே மூன்றரை ஆண்டுகள். அதற்குள் எத்தனை செயலாளர்கள் எத்தனை பத்திகளை இழந்திருப்பார்களோ.

வெளியீடு

2018 ஆகஸ்டில் வந்த 4.9.8 பதிப்பு, புதிய எடிட்டரை முயன்று பாருங்கள் என்ற அழைப்பை நிர்வாகத் திரையிலேயே காட்டியது. முயன்றவர்கள் எழுதிய மதிப்புரைகள் கடுமையாக இருந்தன. செருகுநிரலின் சராசரி மதிப்பெண் ஐந்துக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. அவற்றில் பலவும் வசவு என்று ஒதுக்கப்பட்டன. வசவு இருந்தது உண்மைதான். ஆனால் ‘என் வேலை நேரம் இரட்டிப்பானது’ என்ற வகைப் புகாரை வசவாகக் கருதக் கூடாது, அது அளவீடு.

வெளியீட்டு நாள் முதலில் நவம்பர் 19 என்று குறிக்கப்பட்டது, பிறகு 27க்குத் தள்ளப்பட்டது, கடைசியில் 5.0 பதிப்பு டிசம்பர் 6 அன்று வந்தது. மறுநாள் நாஷ்வில்லில் ஆண்டுக் கூட்டம் தொடங்கவிருந்தது. பண்டிகைக்கால விற்பனையில் மூழ்கியிருந்த கடைத் தளங்களின் பராமரிப்பாளர்களுக்கு அது மிக மோசமான வாரம். இன்னும் சில வாரங்கள் காத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை என்பதே அன்றும் இன்றும் என் எண்ணம்.

அணுகல்தன்மை விஷயத்தில் நடந்தது இன்னும் வருத்தமானது. பார்வையற்றவர்கள் திரைபடிப்பானைக் கொண்டும், சுட்டியைப் பிடிக்க இயலாதவர்கள் விசைப்பலகையை மட்டும் கொண்டும் தளத்தை நடத்துகிறார்கள். தோன்றித் தோன்றி மறையும் கருவிப்பட்டை அவர்களுக்கு எப்படிப் பயன்படும்? வேர்ட்பிரஸின் அணுகல்தன்மைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ரியன் ரீட்வெல்ட் 2018 அக்டோபரில் பொறுப்பிலிருந்து விலகி, காரணங்களைப் பொதுவில் எழுதினார். வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்யும் யோசனை எழுந்து கைவிடப்பட்டது. பிறகு கல்வி நிறுவனங்களில் வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோரின் அமைப்பான டபிள்யூபிகேம்பஸ் நிதி திரட்டி, டெனான் நிறுவனத்தைக் கொண்டு அத்தணிக்கையைச் செய்வித்தது. அறிக்கை 2019 மே மாதம் வந்தது. அதாவது கருவி கோடிக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. எளிமை என்று பேசும்போது யாருடைய உடலையும் கண்களையும் அளவுகோலாக வைக்கிறோம் என்ற கேள்வியை வரைபடம் போடும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இந்த வெளியீட்டின் சிறந்த வடிவமைப்பு முடிவு, புதிய எடிட்டரில் இல்லை. ‘கிளாசிக் எடிட்டர்’ என்ற செருகுநிரலில் இருக்கிறது. விரும்பியவர் அதை நிறுவிப் பழைய பெட்டியையே தொடர்ந்து பயன்படுத்தலாம். முதலில் 2021 இறுதிவரை அதற்கு ஆதரவு என்றார்கள். பின்னர் அதை நீட்டித்தார்கள். ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் அதை நிறுவின. குழு இதை ஒரு விட்டுக்கொடுத்தலாகவே பார்த்தது என்று நினைக்கிறேன். பழக்கத்துக்குத் தரப்பட்ட மரியாதையாக நான் பார்க்கிறேன். பழைய பதிவுகளைத் திறந்தபோதும் அவற்றை வலிந்து கட்டங்களாக உடைக்காமல், பழைய பெட்டியைப் போன்ற ஒரே கட்டத்துக்குள் முழுப் பதிவையும் வைத்து, வேண்டுமானால் பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். அதுவும் நல்ல நிதானம்.

பிறகு நடந்த திருத்தங்கள்

எல்லாத் திருத்தமும் முன்னேற்றமாக அமையவில்லை. 2020 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பு எடிட்டரை முழுத்திரையாகவே திறக்கும்படி மாற்றியது. இடப்பக்க நிர்வாக மெனு மறைந்தது. திரும்பிப் போக மேல் மூலையில் உள்ள சின்னத்தை அழுத்த வேண்டும். வேண்டாமென்று மாற்றிவைத்தாலும் அந்த விருப்பம் உலாவிக்குள்தான் பதிந்திருந்தது. வேறு கணினியில் அமர்ந்தாலோ உலாவியைத் துடைத்தாலோ மீண்டும் முழுத்திரை. செயலாளரிடமிருந்து எனக்கு அப்போது அடிக்கடி அழைப்பு வரும்: “தம்பி, மறுபடியும் மெனு காணோம்.”

அதே ஆண்டு ஆகஸ்டில் 5.5 பதிப்போடு வந்த ‘பேட்டர்ன்’ வசதி நல்ல திசையில் எடுத்து வைத்த அடி. தலைப்பும் படமும் இரண்டு பத்திகளும் ஏற்கெனவே அடுக்கப்பட்ட கோலமாகக் கிடைக்கும். எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். வெறுந்தரையில் கோலம் போடத் தெரியாதவருக்குப் புள்ளி வைத்துக் கொடுப்பதைப் போன்றது இது. நிரல் தெரியாதவர்கள் பெரும்பாலும் வெற்றுத் திரைக்குத்தான் அஞ்சுகிறார்கள், பொத்தான்களின் எண்ணிக்கைக்கு அல்ல என்பதைக் குழு இங்கே புரிந்துகொண்டது.

2022 ஜனவரியில் 5.9 பதிப்பு, பதிவுகளோடு நிற்காமல் தளத்தின் தலைப்பகுதி, அடிப்பகுதி, மெனு எல்லாவற்றையும் கட்டங்களால் கட்டும் வசதியைத் தந்தது. ஓரிடத்தில் கற்றது எல்லா இடத்திலும் உதவும் என்ற முதல் வாக்குறுதி அப்போதுதான் முழுமையடைந்தது. ஆனால் அதோடு சொற்களும் பெருகின: டெம்ப்ளேட், டெம்ப்ளேட்டின் பகுதி, பேட்டர்ன், மறுபயன்பாட்டுக் கட்டம். ஒன்றை மாற்றினால் இந்தப் பக்கம் மட்டும் மாறுமா, தளம் முழுவதும் மாறுமா என்பதே பயனர் அறிய விரும்பும் ஒரே வேறுபாடு. பெயர்களில் எதுவும் அதைச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் 6.3 பதிப்பு மறுபயன்பாட்டுக் கட்டத்தை ‘ஒத்திசைந்த பேட்டர்ன்’ என்று பெயர் மாற்றியது. ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்ற பொருள் பெயருக்குள் வந்தது. ஐந்தாண்டு தாமதமானாலும் சரியான திருத்தம்.

என் வேலைக்கு மிகவும் உதவியது பூட்டு. 6.0இல் ஒரு கட்டத்தை நகர்த்தவோ நீக்கவோ முடியாதபடி பூட்டலாம் என்று ஆயிற்று. 2022 நவம்பரில் வந்த 6.1இல், ஒரு கோலத்துக்குள் எழுத்தையும் படத்தையும் மட்டும் மாற்றலாம், அமைப்பைத் தொட முடியாது என்று நிரல் வழியே கட்டுப்படுத்தும் வசதி சேர்ந்தது. சுதந்திரத்தைக் குறைப்பது எளிய பயனரை அவமதிப்பதாகும் என்று வாதிடுவோர் உண்டு. அந்தச் செயலாளர் சுட்டியை விளிம்பில் நடப்பவர்போல நகர்த்தியதைப் பார்த்தவன் நான். எதை அழுத்தினாலும் தளம் உடையாது என்ற உறுதிதான் அவருக்கு வேண்டியிருந்தது. வண்ணத்தையும் இடைவெளியையும் மாற்றும் உரிமையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

படிப்பகத் தளத்தில் இப்போது ‘நிகழ்ச்சி அறிவிப்பு’ என்ற ஒரே ஒரு கோலம் வைத்திருக்கிறேன். தலைப்பு, நாள், இடம், ஒரு படம், செய்தி ஆகிய ஐந்து இடங்களும் பூட்டிய அமைப்பில் இருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் என்ன எழுத வேண்டும் என்று தமிழிலேயே சாம்பல் எழுத்தில் குறித்திருக்கிறேன். நாளுக்கான இடத்தில் ‘கிழமையும் சேர்த்து எழுதுக’ என்ற குறிப்பு, அவர் கேட்டபடி சேர்த்தது. செய்தி இடத்தில் அவர் வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டுகிறார்; பத்தியின் நடுவிலிருந்து அடுத்த பத்தியின் நடுவரை இழுத்து நீக்குகிறார்; வேண்டியது மட்டும் நீங்குகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த நூலக உதவியாளருக்கு அவரே அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். “இது படத்துக்கான கட்டம், இது செய்திக்கான கட்டம்” என்று.